ஒட்டுண்ணியும் அதன் வாயிலும்

ஓருயிர் பிறிதோர் உயிரின் உடலையே உறைவிடமாகக் கொண்டு, அதன் உணவையோ குருதியையோ தன் உணவாக்கி, அதற்குக் கேடு விளைத்து வாழுமாயின் அது ஒட்டுண்ணி எனப்படும். அதற்கு இடங்கொடுக்கும் உயிர் விருந்துவழங்கி எனப்படும். பேன், உண்ணி என்பன புறத்தே வாழ்வன; குடற்புழுக்களும் மலேரியாக் கிருமியும் அகத்தே வாழ்வன. இவற்றை மேல்வகுப்பு மாணாக்கர்க்குக் கற்பிக்கும் முறை யாது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

"சுத்தமாயிரு" என்று கூறுதல் அறிவுரையேயன்றிப் பாடமாகாது. மாணாக்கன் அதனை விடைத்தாளில் எழுதிவிட்டு வெறுங்காலுடன் தோட்டத்துக்குச் செல்வான். ஒவ்வோர் ஒட்டுண்ணியும் நம் உடலுட் புகுவதற்குத் தனக்கென ஒரு வாயிலை உடையது. எவ்வாயில் எதற்குரியது என்று அறிந்தவனே அதனை அடைக்க வல்லவனாவான். ஆதலின் ஒட்டுண்ணியின் வாழ்க்கை வட்டத்தை முதலிற் கற்பித்து, அதனை எவ்விடத்தில் அறுக்கலாம் என்பதை மாணாக்கனே கண்டு கூறுமாறு செய்தல் வேண்டும்.

வட்டப்புழுவையும் கொளுக்கிப்புழுவையும் ஒப்புநோக்குவோம். இரண்டும் சிறுகுடலில் வாழ்வன. இரண்டின் முட்டைகளும் மலத்துடன் வெளியேறுவன. வட்டப்புழுவின் முட்டை மண்ணிற் பக்குவமடைந்து, அழுக்குக் கையாலும் கழுவாத கீரையாலும் வாய்வழியே புகும். கொளுக்கிப்புழுவின் முட்டையோ ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் ஓரிரு நாளிற் பொரிக்கும். அதினின்று தோன்றும் குடம்பி 5 முதல் 10 நாளில் தொற்றும் வலிமை பெற்று, வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்செல்லும். குருதியுடன் சுவாசப்பையை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலைச் சேரும். அங்கே குடற்சுவரைக் கவ்விக் குருதியை உறிஞ்சும். ஒரு புழு உறிஞ்சுவது மிகச் சிறிதே. நூற்றுக்கணக்கிற் பெருகுங்கால் இரும்புச்சத்துக் குன்றிக் குருதிச்சோகை உண்டாகும். வகுப்பிற் சோர்ந்திருக்கும் சிறுவனைச் சோம்பேறி என்று கடியுமுன், அவன் நோயாளியாகவும் இருத்தல் கூடும் என்பதை ஆசிரியர் நினைத்தல் நன்று.

எனவே, கைகழுவுதல் முன்னையதைத் தடுக்கும். பாதணி பின்னையதைத் தடுக்கும். மலசலகூடம் இரண்டையும் தடுக்கும். 1916ஆம் ஆண்டில் றொக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டப்பகுதிகளிற் கொளுக்கிப்புழு ஒழிப்பு முயற்சியைத் தொடங்கினர். மருந்துண்டு நலம்பெற்ற தொழிலாளர், மலசலகூட வசதியற்ற லயங்களுக்கே மீண்டமையால் மறுபடியும் தொற்றுக்கு ஆளாயினர். வட்டத்தை அறுக்காத மருந்து நிலையான பயன் தராது என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

மலேரியாக் கிருமியின் வாயில் வேறு. அனோபிலிசுப் பெண்நுளம்பு அதனைச் சுமக்கின்றது என்பதை றொனால்டு றொஸ் 1897இற் செக்கந்தராபாத்தில் நிறுவினார். நுளம்பு கடிக்கும்போது உட்புகும் கிருமி ஈரலிற் பெருகிப் பின்னர்ச் செங்குருதிக் கலங்களைத் தாக்கும். அக்கலங்கள் வெடிக்குந்தோறும் குளிரும் காய்ச்சலும் தோன்றும்.

மழை மிகுந்தால் நுளம்பு மிகும் என்றே மாணாக்கர் எண்ணுவர். 1934இல் நிகழ்ந்தது அதற்கு மாறானது. மழை பொய்த்து ஆறுகள் வற்ற, ஆற்றுப்படுகைகளில் எஞ்சிய குட்டைகளில் நுளம்பு பெருகியது. 1934, 1935ஆம் ஆண்டுகளிற் பரவிய அக்கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். பின்னர் டிடிடி தெளிக்கப்பட்டமையால் 1963இல் நாடெங்கும் 17 நோயாளரே காணப்பட்டனர். நோய் ஒழிந்தது என்று தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1969இல் நோயாளர் தொகை 5 இலட்சத்தையுங் கடந்தது. மறதிக்கு நாடு கொடுத்த விலை அது.

இவ்வரலாறு இன்றைய மாணாக்கர்க்கு ஏன் வேண்டும்? சுதேச மலேரியா இறுதியாக 2012இற் காணப்பட்டது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு எனச் சான்றளித்தது. அவ்வாண்டின் முடிவிலேயே அனோபிலிசு ஸ்டெபென்சி என்னும் புதிய நுளம்பு மன்னாரிலும், பின்னர் யாழ்ப்பாணத்திலும் கண்டறியப்பட்டது. இது ஆற்றுக் குட்டையை நாடுவதன்று. நம் வீட்டுக் கிணற்றிலும் நீர்த்தொட்டியிலும் முட்டையிடுவது. நுளம்பு முற்றத்தில் உள்ளது. கிருமியோ பிறநாட்டினின்றும் வருபவர் ஒருவரின் குருதியில் வருதல் கூடும். இவை இரண்டும் கூடாமற் காப்பதே நமது கடமை.

ஆதலின் இப்பாடம் வகுப்பறையுடன் முடிதலாகாது. மாணாக்கர் தத்தம் வளவிலுள்ள கிணற்றையும் தொட்டியையும் பார்த்து, குடம்பிகளைக் கண்ணாடிக் குவளையில் எடுத்து ஆராய்க. நீர்மட்டத்துக்கு இணையாகக் கிடப்பது அனோபிலிசின் குடம்பி. தலைகீழாகச் சாய்ந்து தொங்குவது பிறவினம். தொட்டிகளை இறுக மூடுதல், கிணற்றில் நுளம்புவலை இடுதல், குடம்பியை உண்ணும் கப்பி மீனை விடுதல் ஆகியவை எவரும் செய்யத்தக்கன.

பழைய மாணவர்க்கும் இதிற் பங்குண்டு. ஆபிரிக்கா, இந்தியா முதலாய மலேரியா உள்ள நாடுகளுக்குச் செல்வோர், மலேரியாத் தடுப்பு இயக்கத்தினர் இலவசமாக வழங்கும் தடுப்புமருந்தைப் பெற்றுச் செல்க. மீண்டபின் காய்ச்சல் கண்டால், சென்றுவந்த நாட்டை வைத்தியருக்குத் தாமாகவே கூறிக் குருதியைச் சோதிப்பிக்க. மலேரியா நோயாளியைக் கண்டறியாத இளம் வைத்தியர் பலர் இன்று உளர். நோயாளி கூறாதவிடத்து அந்நோய் அவர் நினைவிற்கு வாராதிருத்தல் கூடும். முன்னோர் அரிதின் முயன்று அடைத்த வாயிலை நாம் மறதியால் திறவாதிருப்போமாக.