கம்ப்யூட்டர் பேரேட்டில் 'இன்ஜெக்ஷன்' திருட்டு – தெரிந்துகொள்வோம்



ஓ.டி.பி. எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று பல தடவை பேசிவிட்டோம். ஆனால் நாம் யாரிடமும் எதையும் சொல்லாமலே நம் விவரம் திருட்டுப் போக முடியும். அப்போதும் வீட்டில், "நீதான் யார்கிட்டயோ நம்பர் சொல்லியிருப்பே" என்று நம்மைத்தான் திட்டுவாங்க. அதனால் இந்தப் பாடம் எல்லோருக்கும் தேவை.

இந்தத் திருட்டுக்கு எஸ்.க்யூ.எல். இன்ஜெக்ஷன் என்று பெயர். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பேரேட்டை டேட்டாபேஸ் என்கிறோம். அதற்கு உத்தரவு கொடுக்கும் மொழிதான் எஸ்.க்யூ.எல்.

பணம் கட்டும் பக்கத்தில் பெயர்க் கட்டத்தில் சரசு என்று அடிக்கிறோம். மென்பொருள் உடனே, 'சரசு' என்ற பெயருள்ள வரியைக் காட்டு என்று ஒரு உத்தரவு எழுதும். பெயர் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்பது, இரண்டு பக்கமும் இருக்கும் மேற்கோள் குறியை வைத்துத்தான் டேட்டாபேஸுக்குத் தெரியும். திருடன் என்ன செய்கிறான்? சரசு என்று அடித்து, தானே ஒரு மேற்கோள் குறியையும் போடுகிறான். பின்னாலேயே 'அல்லது ஒன்றும் ஒன்றும் சமமானால்' என்று சேர்த்துவிடுகிறான். குறியைப் பார்த்ததும் பெயர் முடிந்துவிட்டது என்று டேட்டாபேஸ் எடுத்துக்கொள்ளும். மீதி எல்லாம் அதற்கு உத்தரவு. ஒன்றும் ஒன்றும் எப்பவும் சமம்தானே! அதனால் சரசு வரியோடு லட்சுமி வரி, மேரி வரி, பாத்திமா வரி எல்லாமே வந்து கொட்டும்.

எழுதாத தீர்மானத்தில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது மாதிரிதான் இது. காலி இடத்தில் பெயரை மட்டும்தான் எழுதுவாங்கன்னு நம்புகிறோம். எழுதுகிறவர் கூடவே இன்னொரு வரியும் எழுதிவிட்டால்? வங்கி மேனேஜராவது கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பார். கம்ப்யூட்டர் பார்க்காது.

அமெரிக்காவில் ஹார்ட்லேண்ட் பேமெண்ட் சிஸ்டம்ஸ் என்ற கம்பெனிக்கு இதுதான் நடந்தது. கடையில் கார்டு தேய்த்தால் அந்த விவரத்தை வங்கி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் வேலை. 2007 டிசம்பர் கடைசியில் அதன் இணையப் பக்கம் வழியாக இப்படி நுழைந்தார்கள். முதலில் கிடைத்தது அலுவலக வேலைக்கான பகுதிதான். அங்கிருந்து மெல்ல மெல்ல நகர்ந்து, 2008-ல் கார்டு எண்கள் ஓடும் பகுதிக்கே போய், ஒட்டுக்கேட்கும் மென்பொருளை வைத்துவிட்டார்கள். அந்த வருடமே கம்பெனி பாதுகாப்புத் தணிக்கையில் தேறிச் சான்றிதழும் வாங்கியிருந்தது! விசாவும் மாஸ்டர்கார்டும் சந்தேகம் சொன்ன பிறகுதான் தேடினார்கள். 2009 ஜனவரியில்தான் வெளியே சொன்னார்கள். அங்கேயும் வேறு சில நிறுவனங்களிலும் சேர்த்து 13 கோடிக்கும் மேற்பட்ட கார்டு எண்கள் போனதாக அரசு வழக்குப் போட்டது. ஆல்பர்ட் கொன்சாலஸ் என்பவருக்கு 2010 மார்ச்சில் 20 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. இவர் அதற்கு முன்பு அரசு விசாரணைக்கே துப்புக் கொடுத்துக்கொண்டிருந்தவர்.

இத்தனைக்கும் இந்த ஓட்டை 1998-லேயே எழுத்தில் வந்துவிட்டது. அடைக்கும் வழியும் பெரிய வித்தை இல்லை. உத்தரவை முதலிலேயே முழுசாக எழுதி மூடிவிட வேண்டும். கட்டத்தில் அடிப்பதைத் தனியாக அனுப்ப வேண்டும். அப்புறம் திருடன் எத்தனை குறி போட்டாலும், அது ஒரு நீளமான பெயர் என்றுதான் டேட்டாபேஸ் எடுத்துக்கொள்ளும். அப்படி யாரும் உறுப்பினர் இல்லை என்று சொல்லிவிடும்.

நம் கூட்டமைப்புக்கு யாராவது மென்பொருள் செய்து கொடுத்தால், "கட்டத்தில் அடிப்பதை உத்தரவோடு ஒட்டுறீங்களா, பாராமீட்டர் முறையில் தனியா அனுப்புறீங்களா?" என்று தயங்காமல் கேளுங்கள். பணம் வசூலிக்கும் பக்கத்துக்கு மொத்தப் பேரேட்டையும் படிக்கவும் அழிக்கவும் அதிகாரம் கொடுத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். சந்தா வாங்கும் உறுப்பினரிடம் நாம் செக் புக்கைக் கொடுப்பதில்லையே. பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நாமே சோதித்துப் பார்க்கிறோம் என்று அடுத்தவர் இணையப் பக்கத்தில் குறி போட்டுப் பார்க்க வேண்டாம். அது வழக்கில் கொண்டுபோய் விட்டுவிடும்.

கணக்கில் தெரியாத பற்று வந்தால் அன்றைக்கே வங்கிக்குச் சொல்லுங்கள். தவறு வங்கியிடமும் இல்லை, நம்மிடமும் இல்லை, நடுவில் வேறு எங்கேயோ என்றால், தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் சொன்ன வாடிக்கையாளருக்கு நஷ்டம் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் சுற்றறிக்கை விட்டது. 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்கும் போன் போடுங்கள். இரண்டு இடத்திலும் புகார் எண் கேட்டு வாங்கி, தேதியும் நேரமும் போட்டு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.