முளைப்பாரி சொல்லும் விதைப் பாடம்



ஆடி 18 வந்தால் காவிரிக் கரையெங்கும் பெண்கள் கூட்டம்தான். ஆற்றை வயிற்றுப்பிள்ளைக்காரியாக நினைத்து, மசக்கைக்குப் பிடிக்குமென்று புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு எல்லாம் கட்டிக்கொண்டு போவார்கள். காதோலை, கருகமணி, மஞ்சள், காப்பரிசி வைத்துப் படைப்பார்கள். புதுசாகக் கல்யாணம் ஆன பெண்கள் தாலிக்கயிறு மாற்றிக்கொள்வார்கள். திருவரங்கத்தில் பெருமாளே அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளி காவிரிக்குச் சீர் கொடுக்கிறார். இதெல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். ஆற்றில் கரைக்கிற முளைப்பாரியை மட்டும் நான் ரொம்ப நாள் வெறும் சடங்கு என்றே நினைத்திருந்தேன். அதற்கு ஒரு போகம் விலை கொடுத்தேன்.

பத்து வருசம் இருக்கும். தை அறுவடையில் தூயமல்லி விதைநெல் எடுத்தேன். அவசரத்தில் ஒரே ஒரு வெயில்தான் காயவைத்தேன். பிளாஸ்டிக் சாக்கில் கட்டி, சிமெண்ட் தரையிலேயே போட்டுவிட்டேன். ஆடியில் அம்மா முளைப்பாரி போடும்போது நவதானியத்தில் நெல்லுக்கு மட்டும் அந்தச் சாக்கிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளினார்கள். துவரை, மொச்சை, உளுந்து, பச்சைப்பயறு, கொள்ளு எல்லாம் மடமடவென்று வந்துவிட்டது. நெல் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றது.

"தம்பி, நெல்லு சரியா வரலடா. யோசிச்சு விதை" என்றார்கள்.

"சும்மா இரும்மா, சாமி குத்தம்னு சொல்லப்போறியா?" என்று சிரித்துவிட்டுப் போய் நாற்றங்கால் விட்டேன். பாதிகூட முளைக்கவில்லை. நாற்றுக்கு ஊர் ஊராக அலைந்து, கடைசியில் கிடைத்த ஏதோ ஒரு ரகத்தை நட்டேன். கையிலிருந்த தூயமல்லி விதையும் அதோடு போனது. அம்மா சாமி குத்தத்தைச் சொல்லவே இல்லை. விதையைத்தான் சொன்னார்கள்.

யோசித்துப் பாருங்கள். தை, மாசியில் எடுத்த விதை ஆடி வரை ஆறு மாதம் வீட்டில் இருக்கிறது. புதுநெல்லுக்கு இருக்கிற உறக்கநிலையும் அதற்குள் தெளிந்துவிடும். இப்போது முளைக்காத விதை நாற்றங்காலிலும் முளைக்காது. ஆடிப்பட்டம் விதைக்குமுன், சட்டியில் எருவும் மண்ணும் போட்டு, இருட்டில் வைத்து, ஊரே ஒரே சமயத்தில் விதையைச் சோதித்துப் பார்க்க முளைப்பாரி ஒரு வழி. ஒருத்தர் விதை சரியில்லை என்றால் யாருடைய பாரி செழித்திருக்கிறதோ அவரிடம் மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால் முளைப்பாரியில் ஒரு குறை உண்டு. இருட்டில் வளர்வதால் எல்லா நாற்றும் வெளுத்து, நெட்டையாக, செழிப்பாகவே தெரியும். எத்தனை முளைத்தது என்ற கணக்கு கிடைக்காது. அதனால் நான் இப்போது கூடவே இதையும் செய்கிறேன்:

1. மூட்டையின் மேல், நடு, அடி மூன்று இடத்திலும் விதை எடுத்துக் கலக்கவும். பருத்த விதையாகப் பொறுக்கக் கூடாது. வந்தபடி 100 எண்ணவும்.

2. ஈரச் சாக்கிலோ பருத்தித் துணியிலோ வரிசைக்கு 10 வீதம் 10 வரிசை பரப்பி, பாய்போலச் சுருட்டி நிழலில் வைக்கவும். தினமும் தண்ணீர் தெளிக்கவும். ஈரம் வேண்டும், சொட்டக் கூடாது.

3. உளுந்து, பயறை 7ஆம் நாளும் நெல்லை 14ஆம் நாளும் எண்ணவும். வேரும் குருத்தும் நன்றாக வந்ததை மட்டும் கணக்கில் எடுக்கவும்.

ஆடி 4 அன்று நெல்லைச் சுருட்டி வைத்தால், ஆடி 18க்கு விடை கையில் இருக்கும். சான்று விதைக்குக் குறைந்தபட்ச முளைப்பு நெல்லுக்கு 80, உளுந்துக்கு 75. நெல்லில் 80க்கு மேல் என்றால் தைரியமாக விதைக்கலாம். 60தான் வந்தது, வேறு விதையும் இல்லை என்றால், 30 கிலோ விடுகிற இடத்தில் 40 கிலோ விட வேண்டும் (30 × 80 ÷ 60). 50க்குக் கீழே போனால் அந்த விதையை நம்பாதீர்கள். ஆவணி நாற்றங்காலுக்கு இன்னும் நாள் இருக்கிறது, வேறு விதை தேடலாம்.

விதைநெல்லை ஈரப்பதம் 13 சதத்துக்குக் குறையும்படி காயவைத்து, நொச்சி, வேப்பிலை போட்டு, தரையில் படாமல் பலகைமேல் வைத்தால் இந்தக் கவலையே பெரும்பாலும் வராது.

இப்போது பல வீடுகளில் கடை நவதானியப் பொட்டலம் வாங்கி, பிளாஸ்டிக் கிண்ணத்தில் முளைப்பாரி போட்டு, கிண்ணத்தோடு ஆற்றில் விடுகிறார்கள். அந்த முளை நம் விதையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஆற்றுக்கும் கேடு. இந்த ஆடிக்கு உங்கள் குதிரிலிருந்தே ஒரு கைப்பிடி அள்ளி மண்சட்டியில் போடுங்கள். அம்மாவோ அப்பத்தாவோ "இது வரலியே" என்று சொன்னால், நின்று கேளுங்கள்.