வீட்டு வண்டிக்கு மின்காப்பு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வீட்டு வண்டியில் யாத்திரை செய்வோர், முகாம் வெளிகளில் தங்கி, ஆங்குள்ள மின்தூணிலிருந்து மின்சாரம் பெறுவர். தூணின் உட்பழுது கண்ணுக்குப் புலனாகாது. ஆதலின் தக்க காப்புக் கருவியைத் தெரிந்துகொள்ளும் முறையை நாம் ஈண்டு ஆராய்வோம்.

தூணிலுள்ள வாய்களுள் முக்கியமானவை இரண்டு. 30 ஆம்பியர் வாய் மூன்று துளையுடையது. 120 வோல்ட்டில் 3,600 வாட் தரும். 50 ஆம்பியர் வாய் நான்கு துளையுடையது; 120 வோல்ட்டுள்ள இரு மின்கம்பிகளால் 12,000 வாட் தரும். கருவியை வண்டியின் அளவிற்கேற்பவே வாங்கல் வேண்டும். 50 ஆம்பியர் வண்டியை 30 ஆம்பியர் வாயில் மாற்றிணைப்புக் கொண்டு பொருத்தினும் அக்கருவியே உதவும்.

கருவிகளும் இருவகையின. எளியது, மின்னல் முதலியவற்றால் திடீரென எழும் மிகையழுத்தத்தை மட்டும் விழுங்கும். அத்திறனை ஜூல் கணக்கால் அறிவோம். விழுங்குந்தோறும் அது தேயும். மற்றது, அதனோடு மின்னழுத்தத்தை இடையறாது அளந்து, ஏறத்தாழ 104 வோல்ட்டுக்குக் குறையினும் 132க்கு மிகினும் மின்சாரத்தைத் துண்டிக்கும்.

இரண்டாவதே சிறந்ததென்போம். காரணம் யாதெனின், கோடையில் அனைவரும் குளிர்சாதனம் இயக்க, அழுத்தம் தாழ்ந்து மோட்டார்ச் சுருள்கள் வெந்துபோம். 50 ஆம்பியர் வாயில் நியூட்ரல் கம்பி அறுபடின், 240 வோல்ட் ஒவ்வாது பங்கிடப்பட்டுச் சில உபகரணங்கள் கருகும். நிலக்கம்பி அற்றவிடத்து மின்கசிவும் நேரின், ஈரத்தரையில் நின்று வண்டியின் கதவைத் தொடுவோன் உயிரிழத்தலுங் கூடும். இவற்றை எளிய கருவி தடுக்க வல்லதன்று.

எவ்வூரில் தங்கினும், தூணின் விசையை அணைத்து, முதலில் கருவியை மட்டும் பொருத்தி, விசையை ஏற்றிச் சோதித்தல் வேண்டும். குற்றமில்லையாயின் மீண்டும் அணைத்து வண்டியை இணைப்பதே முறை. குற்றங் காணின் வேறு தூணை நாடுக.