குழந்தைகளும் சில்லறைக் கணக்கும்

அங்கத்தினர் இல்லங்களிலுள்ள ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகள் பலர் நூறு வரை தடையின்றி ஒப்புவிக்கின்றனர். ஆயின் அதே குழந்தையின் கையில் ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தையும் மூன்று ஒரு ரூபாய் நாணயங்களையும் கொடுத்து, "எவ்வளவு?" என்று கேட்டால், "நாலு" என்று விடை வருவதுண்டு. குழந்தை எண்ணியதில் பிழையில்லை. காசுகளை எண்ணிற்றேயன்றி மதிப்பை எண்ணவில்லை. 'எத்தனை' என்பது வேறு, 'எவ்வளவு' என்பது வேறு என்று உணர்த்துவதே இப்பாடத்தின் முதற்படியாகும்.

இதைச் சிறு விஷயமென்று தள்ளுதல் கூடாது. கூலிக் கணக்கையும் நூல் கணக்கையும் பிறர் சொன்னபடியே ஒப்புக்கொண்டு கைநாட்டு வைத்த தலைமுறையை நெசவாளர் குடும்பங்கள் மறந்திருக்கமாட்டா.

1957 ஏப்ரல் முதல் நாள் தசாம்ச நாணய முறை அமலுக்கு வந்தபோது, சில்லறை விஷயத்தில் முதியோரே குழந்தைகளாயினர். 16 அணா கொண்ட ரூபாய் 100 நயா பைசாவாயிற்று. ஓரணாவிற்கு 6, இரண்டணாவிற்கு 12, மூன்றணாவிற்கு 19 என்ற ஒழுங்கற்ற மாற்றத்தை மனப்பாடம் செய்யவேண்டியிருந்தது. எனினும் அந்நாணயங்களில் ஒரு வசதி இருந்தது. ஐந்து பைசா சதுரம். பத்து பைசாவின் விளிம்பு வளைவு வளைவானது. 1964-இல் வந்த மூன்று பைசா அறுகோணம். இருட்டிலும் விரலால் தடவி அறியலாம்.

இன்று அவ்வசதி குறைவு. ஒரு ரூபாய் நாணயமே 25, 22, 20 மில்லிமீட்டர் என்று பல அளவுகளில் வழங்குகிறது. 2011-ஆம் ஆண்டு வரிசையில் இரண்டு ரூபாய் 25 மில்லிமீட்டர், ஐந்து ரூபாயோ 23. பெரிய காசே மதிப்பு மிக்கது என்று நம்பும் குழந்தை இங்கே ஏமாறும். ஆகவே அளவைப் பாராது, பொறித்துள்ள எண்ணைப் படிக்கப் பழக்குதல் வேண்டும். பன்னிரண்டு பக்கங்களுள்ள இருபது ரூபாய் நாணயத்தை மட்டும் எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை!

பயிற்சிக்கு முதலில் ஒரே மதிப்புள்ள காசுகளையே கொடுங்கள். நான்கு இரண்டு ரூபாய்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் நகர்த்தும்போதே "இரண்டு, நான்கு, ஆறு, எட்டு" என்று சொல்லச் செய்யவேண்டும். பின்பு ஐந்தும் பத்தும். கலந்த சில்லறை அதன் பிறகே. அதிலும் பெரிய மதிப்பிலிருந்து தொடங்குவது எளிது: பத்து, பதினைந்து, பதினேழு, பதினெட்டு. வீட்டில் கைக்குழந்தை இருப்பின் பாடம் முடிந்தவுடன் காசுகளை எடுத்து வைத்துவிடுக; விழுங்கிவிட்டால் ஆபத்து.

மீதி பெறுவதற்குக் கழித்தல் தெரிந்திருக்கவேண்டும் என்பதில்லை. கடைக்காரர் கையாளும் முறையே போதும். பதின்மூன்று ரூபாய்ச் சாமானுக்கு இருபது கொடுத்தால், "பதின்மூன்று" என்று தொடங்கி, இரண்டை வைத்துப் "பதினைந்து", ஐந்தை வைத்து "இருபது". வைத்த காசே மீதி.

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிக் கடைவீதிகளில் இன்று பூக்கூடையருகிலும் கியூ.ஆர். அட்டை நிற்கிறது. தாய் தந்தையர் கைபேசியைக் காட்டுவதையே குழந்தை காண்கிறது. பணம் கை மாறுவதையும் மீதி திரும்புவதையும் காண்பது அரிதாகிவிட்டது. ஆகவே வாரம் ஒருமுறையேனும் ஒரு முழம் பூவோ, ஒரு கட்டுக் கீரையோ குழந்தையே காசு கொடுத்து வாங்கட்டும். அருகில் நில்லுங்கள்; குறுக்கே பேசாதீர்கள். குழந்தை தயங்கி எண்ணும் அந்த அரை நிமிடத்தைப் பெற்றோரால் பொறுக்க முடிவதில்லை என்பதே பெரிய இடையூறு.

பத்து ரூபாய் நாணயத்தைச் சில கடைகளில் வாங்க மறுப்பதுண்டு. அதுவரை வெளியான 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது. இதனைக் குழந்தைக்கு முன்னதாகவே சொல்லி வைத்தால், தான் கொண்டுவந்தது கள்ளக்காசு என்று அஞ்சாது. 25 பைசாவும் அதற்குக் குறைந்தவையும் 2011 ஜூன் இறுதியோடு ஒழிந்தன. ஐம்பது பைசா மட்டும் சட்டப்படி இன்னும் செல்லுபடியாகிறது. பாட்டி அதனை 'எட்டணா' என்பது ஏன் என்று குழந்தை கேட்டால், 16 அணாக் கணக்கை அப்போது சொல்லலாம்.