ஆபரேஷன் முடிந்த மெலிந்த குழந்தைக்கு எவ்வளவு ஊட்டுவது?

ஆபரேஷன் முடிந்து குழந்தை வீட்டுக்கு வந்ததும் பத்தியம் தொடங்கிவிடும். பருப்பு, முட்டை கொடுத்தால் தையலில் சீழ் வைக்கும் என்பார் பாட்டி. சீழ் வைப்பது கிருமி. புரதம் குறைந்தால்தான் தையல் ஆறத் தாமதமாகும். ஏற்கெனவே மெலிந்த பிள்ளையை வெறும் கஞ்சித் தண்ணீரில் விடாதீர்கள்.

முதலில் எடை பாருங்கள்: காலையில், உடையில்லாமல், ஒரே தராசில். இரண்டு வயதுப் பையன் 8 கிலோ இருக்கிறான், உயரத்துக்கு இருக்க வேண்டியது 10 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இந்த வயதில் ஒரு நாளைக்குக் கிலோவுக்கு ஏறத்தாழ 80 கலோரி தேவை. அதை இருக்க வேண்டிய 10 கிலோவால் பெருக்குங்கள்: 800 கலோரி. புரதம், இப்போதுள்ள எடையில் கிலோவுக்கு 1.5 கிராம் வீதம் 12 கிராம்.

முதல் நாளே இதை எட்டத் துடிக்காதீர்கள். வாடிய உடம்பில் திடீரென உணவு சேர்ந்தால் இரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து இதயம் தடுமாறலாம். ஆரம்ப அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுங்கள். மூச்சு வாங்கினாலோ, கால் வீங்கினாலோ, பிள்ளை துவண்டாலோ உடனே ஆஸ்பத்திரி.

பசி நன்றாகத் திரும்பியபின் டாக்டரைக் கேட்டு, இப்போதுள்ள எடையில் கிலோவுக்கு 150 கலோரி, 3 கிராம் புரதம் வரை ஏற்றலாம். இவனுக்கு 1200 கலோரி, 24 கிராம். சின்ன வயிறு அத்தனை சோற்றைத் தாங்காது. அளவைக் கூட்டாமல் சத்தைக் கூட்ட வேண்டும். 95 மி.லி. பசும்பாலில் ஒரு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் எண்ணெய் கலந்து, தண்ணீர் விட்டு 100 மி.லி. ஆக்குங்கள். 100 கலோரியும் ஏறத்தாழ 3 கிராம் புரதமும் கிடைக்கும். (குடலில் ஆபரேஷன் என்றால் பால் கொடுக்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான்.) நாளுக்கு அரை லிட்டர் இந்தப் பாலும் ஒரு முட்டையும் சேர்ந்தால் 570 கலோரி, 20 கிராம் புரதம். மீதிக்குக் குழைந்த பருப்புச் சாதம், இட்லி; ஒரு டீஸ்பூன் நெய் ஊற்றினால் 40 கலோரிக்கு மேல் கூடும். வேர்க்கடலையைப் பொடித்தே போடுங்கள், முழுதாக இருந்தால் தொண்டையில் சிக்கும்.

இந்த அளவு கொடுத்தும் எடை நாளுக்கு 40 கிராம்கூட ஏறவில்லையா? தட்டில் மிச்சம் வைத்ததையும் துப்பியதையும் கழித்துவிட்டுக் கணக்கை மறுபடி ஒரு தாளில் போடுங்கள். அந்தத் தாளோடு டாக்டரைப் பாருங்கள்.