ஆங்கிலம் படிப்போம்: ‘பே ஓஃப்’ – ஒரு சொல், நாலு பொருள்



‘பே’ என்றால் காசு கொடுப்பது. இது நம் எல்லோருக்கும் தெரியும். அதோடு ‘ஓஃப்’ சேர்ந்தால் பொருள் நாலு விதமாக மாறும்.

1. கடனைக் கட்டி முடிப்பது. நாவிதன்வெளியில் வயல் செய்கிறவர் உரத்துக்கு வாங்கிய கடனை வேளாண்மை வெட்டியதும் அடைத்துவிட்டால், ‘ஹீ பெய்ட் ஓஃப் த லோன்’ என்பார்கள். ஒரு சதமும் பாக்கியில்லை. தவணை மட்டும் கட்டினால் அது வெறும் ‘பே’ தான்.

நம் பாட்டன் காலத்துத் துண்டு முறையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கடனைக் கட்டினால் ஆட்களை விடுகிறோம் என்று தோட்டத்தில் எழுதிக் கொடுக்கும் சீட்டுதான் துண்டு. புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டும். பழைய தோட்டத்துக்குக் கணக்கு ‘பெய்ட் ஓஃப்’. தொழிலாளி தலையிலோ கடன் அப்படியே இருக்கும்! 1921இல் சட்டம் போட்டு இதை ஒழித்தார்கள்.

2. கணக்குத் தீர்த்து வேலையை விட்டு அனுப்புவது. ‘தே பெய்ட் ஓஃப் டென் வேர்க்கர்ஸ்’ என்றால் பத்துப் பேரைக் கணக்கு முடிச்சு அனுப்பிட்டாங்க என்று அர்த்தம். கடிதத்தில் இந்தச் சொல்லைக் கண்டு, ‘நம்ம கடன் தீர்ந்திருச்சு’ என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, 5 வருடம் முடித்த நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் சேவைக்காலப் பணமாகச் சேர வேண்டும். சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் வேறு கணக்கு.

3. பலன் கொடுப்பது. லயத்துப் பிள்ளை படித்து டீச்சரானால், ‘ஹேர் ஸ்டடீஸ் பெய்ட் ஓஃப்’. பட்ட பாடு வீண் போகவில்லை.

4. காசு கொடுத்து வாயடைப்பது. ‘ஹீ பெய்ட் ஓஃப் த விட்னஸ்’ என்றால் சாட்சிக்காரனுக்குக் காசு கொடுத்துச் சரிக்கட்டினான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? பின்னால் வரும் சொல்லைப் பாருங்கள். கடன் வந்தால் முதல் பொருள். ஆள் வந்தால் இரண்டாவது அல்லது நாலாவது. ஒன்றுமே வராவிட்டால் மூன்றாவது.

பயிற்சி: இவை எந்தப் பொருள்?
அ. ‘ஷீ பெய்ட் ஓஃப் ஹேர் டெட்ஸ்.’
ஆ. ‘த ஹார்ட் வேர்க் வில் பே ஓஃப்.’
இ. ‘த கம்பனி பெய்ட் ஓஃப் ட்வென்டி வேர்க்கர்ஸ்.’

விடை: அ-1, ஆ-3, இ-2.

வீட்டுக்கு இங்கிலீசுக் கடிதம் வந்தால் படித்த பிள்ளையிடம் கொடுத்து, ‘ஓஃப்’புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பிறகு பேனாவைத் தொடலாம்.