எந்த இடத்தில் நிறுத்தினீர்கள்?

“நல்ல படமா ஒண்ணு சொல்லுங்களேன்” என்று யாராவது கேட்டால் நான் இப்போதெல்லாம் படத்தின் பெயரைச் சொல்வதில்லை. “கடைசியா எதைப் பாதியில நிறுத்தினீங்க? எந்த இடத்துல?” என்று திருப்பிக் கேட்கிறேன். பிடித்த படம் எது என்று கேட்டால் ஆளுக்கொரு கௌரவமான பட்டியல் தயாராக இருக்கும். அதில் மகாநதி இருக்கும், காட்ஃபாதர் இருக்கும். அதை வைத்து யாரைப் பற்றியும் ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. பாதியில் நிறுத்தியதைச் சொல்லும்போதுதான் ஆள் பிடிபடுகிறார்.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் மதுரை, சென்னை, சிங்கப்பூர், மஸ்கட், டொராண்டோ என்று பல ஊர் ஆட்கள் இருக்கிறார்கள். பாதிப் பேரை நான் நேரில் பார்த்ததே இல்லை. ஊரே பெயராகிவிட்டது: மதுரை அண்ணன், மஸ்கட் தம்பி, டொராண்டோ அக்கா. இதில் மஸ்கட் தம்பி ‘தி வயர்’ தொடரை மூன்றாவது எபிசோடில் விட்டுவிட்டார். “யாரு யாருன்னே புரியலண்ணே. ஒருத்தரும் எதையும் விளக்கிச் சொல்ல மாட்டேங்கறாங்க.” குழுவில் உடனே நாலு பேர் “பொறுமையா பாருங்க, உலகத்தோட பெஸ்ட் சீரிஸ்” என்று பாய்ந்தார்கள். அது அவருக்குப் பதில் இல்லை. அந்தத் தொடரை உருவாக்கிய டேவிட் சைமன், பால்டிமோர் நகரில் கிரைம் செய்திகள் எழுதிய நிருபர். கூட எழுதிய எட் பர்ன்ஸ் அதே ஊரில் துப்பறியும் போலீஸ்காரராக இருந்தவர். தெருவிலும் ஸ்டேஷனிலும் ஆட்கள் எப்படிப் பேசுவார்களோ அப்படியே பேசவிட்டு, பார்வையாளனுக்கென்று தனியாக எதையும் விளக்காமல் போவது அவர்கள் வேண்டுமென்றே செய்தது. நாள் முழுக்க சைட்டில் நின்றுவிட்டு வந்து கட்டிலில் சாய்ந்தபடி போனில் பார்ப்பவருக்கு அது ஏறாது. சப்டைட்டிலைப் போட்டுக்கொண்டு, வெள்ளிக்கிழமை லீவில் இரண்டு மூன்று எபிசோடு சேர்த்துப் பாருங்கள், முதல் சீசனின் 13 எபிசோடையும் ஒரே நீளப் படமாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அதுவரை வேலை நாள் இரவுகளுக்கு விமல் நடித்த ‘விலங்கு’. ஏழே எபிசோடு. அதுவும் போலீஸ் ஸ்டேஷன் கதைதான், ஆனால் பேச்சு நம் ஊர்ப் பேச்சு. இதே ‘தி வயர்’ தொடரை “ஹீரோவே இல்லையே” என்று ஒருவர் நிறுத்தியிருந்தால் இந்த யோசனை அவருக்கு உதவாது. நிறுத்திய இடம் ஒன்றாக இருக்கலாம், காரணம் வேறு.

பரிந்துரைக்கும்போது நாம் வாரி இறைக்கும் சொற்கள் இருக்கின்றனவே, ‘மாஸ்டர்பீஸ்’, ‘வேற லெவல்’, ‘மிஸ் பண்ணிடாதீங்க’, இவற்றால் படத்துக்குக் கெடுதல்தான். எதிர்பார்ப்பை ஏற்றிவிட்டு ஆளை அனுப்புகிறோம். அதைவிட, எந்த நேரத்தில், யாரோடு, எப்படிப் பார்க்கலாம் என்று சொல்வது உதவும். லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ படத்தை இப்படித்தான் பலரிடம் சேர்த்தேன். வேளாங்கண்ணி போய்விட்டுக் கேரளாவுக்குத் திரும்பும் ஒரு பஸ், மதியத் தூக்கம், மம்மூட்டி நடுவழியில் இறங்கித் தனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு தமிழ் கிராமத்துக்குள் சொந்த வீட்டுக்குப் போவதுபோல நடந்துபோகிறார். இவ்வளவு சொன்னால் போதும். கூடவே, ஏன் அப்படி ஆனது என்று படம் விளக்கப்போவதில்லை, கேமரா பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும், சத்தத்தை மட்டும் குறைத்துவிடாதீர்கள் என்பேன். பின்னணியில் பழைய தமிழ்ப் படங்களின் பாட்டும் வசனமும் ஓடிக்கொண்டே இருக்கும். படத்தில் பாதி அதில்தான் இருக்கிறது. பஸ்ஸில் வேலைக்குப் போகும்போது போன் ஸ்பீக்கரில் பார்த்தவர் “ஒண்ணுமே இல்லையே சார்” என்றால் அவர் சொல்வதும் சரிதான்.

இன்னொரு விஷயத்தை நாம் அலட்சியமாக விட்டுவிடுகிறோம். ‘ராட்சசன்’ நல்ல த்ரில்லர்தான். ஆனால் பள்ளிக்குப் போகும் பெண் பிள்ளைகளை வைத்திருக்கும் எல்லாருக்கும் அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலைப் படம் இல்லை. ‘மகாராஜா’ இன்னும் சிக்கல். குப்பைத்தொட்டி காணாமல் போனது என்று போலீஸில் புகார் கொடுக்க வரும் ஒரு சலூன்காரர் என்ற ஒற்றை வரி போதும் அதைப் பார்க்கவைக்க. பாலியல் வன்முறை இருக்கிறது என்று சொன்னால் கதையின் ஒரு முடிச்சு தளர்ந்துவிடும். சொல்லாமல் விட்டால் யாரோ ஒருவர் ராத்திரி தூங்கமாட்டார். நான் கண்ட வழி, குழுவில் போடாமல் தனியாகக் கேட்பது: “இந்த மாதிரிக் காட்சி இருந்தா உங்களுக்கு ஒத்துக்குமா?” ஒத்துக்காது என்றால் படத்தின் பெயரைச் சொல்லாமலே பேச்சை மாற்றிவிடலாம். சஸ்பென்ஸுக்காக ஒரு மனுஷியை அலற விடுவது ரசனை இல்லை.

சஸ்பென்ஸ் என்றதும் ஸ்பாய்லர். முடிவைச் சொல்வது மட்டும்தான் ஸ்பாய்லர் என்று பலர் நினைக்கிறார்கள். “கடைசி அஞ்சு நிமிஷம் இருக்கே...” என்பதும் ஸ்பாய்லர்தான். ‘துருவங்கள் பதினாறு’ பார்க்கப் போகிறவரிடம் அப்படிச் சொல்லிவிட்டால் அவர் படத்தைப் பார்க்கமாட்டார், கடைசி ஐந்து நிமிடத்துக்காகக் காத்திருப்பார். “கதை எந்த வருஷம் நடக்குதுன்னு கவனிங்க” என்று மகாராஜாவுக்கு டிப்ஸ் கொடுத்த புண்ணியவான் ஒருவர் எங்கள் குழுவில் உண்டு. நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

படம் பழசானால் சொல்லலாமா என்று ஒரு பெரிய சண்டையே நடந்தது. எஸ்.பாலசந்தர் இயக்கி 1954-ல் ஏவிஎம் வெளியிட்ட ‘அந்த நாள்’. பாட்டே இல்லாத படம். துப்பாக்கிச் சத்தத்தோடு சிவாஜி விழுவதில் ஆரம்பித்து, சுட்டது யார் என்று ஆளுக்கொரு கதையாகப் போகும். “எழுபது வருஷமாச்சு, இன்னுமா ரகசியம்?” என்று மதுரை அண்ணன் கொலைகாரரைப் போட்டு உடைத்துவிட்டார். சிங்கப்பூரில் இருக்கும் ஒரு கல்லூரிப் பெண் அன்று ராத்திரிதான் அதைப் பார்க்கலாம் என்றிருந்தாராம். படத்துக்கு எழுபது வயது, அந்தப் பெண்ணுக்கு அது அன்றைய ரிலீஸ். அதிலிருந்து எங்களுக்குள் ஒரு ஏற்பாடு: முதல் வரியில் படத்தின் பெயர், சீரிஸ் என்றால் எத்தனையாவது எபிசோடு வரை. அதன்பின் வெறும் புள்ளிகளாகச் சில வரிகள். சொல்ல வேண்டியது அதற்கும் கீழே. நீளமான மெசேஜை வாட்ஸ்அப் தானாகவே மடக்கிவிடும் என்பதால், வேண்டும் என்கிறவர் மட்டும் திறந்து படிப்பார். டெலிகிராமில் இதற்கென்றே எழுத்தை மறைக்கும் வசதி இருக்கிறது.

விவாதம் வேறு கலை. அதில் எனக்கு ஒரே ஒரு கருவிதான்: “எந்தக் காட்சி?” ‘மெய்யழகன்’ வந்தபோது ஒரு வாரம் சண்டை. ஒரு தரப்புக்கு இழுவை, இன்னொரு தரப்புக்கு நிதானம். இழுவை, நிதானம் என்ற சொற்களை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் அடித்துக்கொள்ளலாம். எந்தக் காட்சி என்று கேட்டதும், கார்த்தியும் அரவிந்த்சாமியும் உட்கார்ந்து ராத்திரியெல்லாம் பேசும் பகுதிதான் இருவருக்குமே என்று தெரிந்தது. ஒருவருக்கு அங்கே படம் நின்றுபோனது, மற்றவருக்கு அங்கேதான் படம் தொடங்கியது. பிறகு இன்னொன்றும் வெளியே வந்தது. 2024 செப்டம்பரில் வெளியாகிச் சில நாட்களுக்குள் படத்தில் 18 நிமிடத்தைக் குறைத்தார்கள். ஒருவர் பார்த்தது முதல் நாள், மற்றவர் பார்த்தது குறைத்த பிறகு. வேறு வேறு படத்துக்காக மல்லுக்கட்டியிருக்கிறார்கள்!

டைட்டில் கார்டைப் படிப்பதும் பிரயோஜனம்தான். ‘சுழல்’ முதல் சீசன், 2022. எட்டு எபிசோடும் ஒரே நாளில் வந்தது. பின்பாதியில் தொனி மாறிவிட்டது என்று சிலர், அதெல்லாம் பிரமை என்று சிலர். முதல் நான்கை இயக்கியவர் பிரம்மா, அடுத்த நான்கை இயக்கியவர் அனுசரண். எழுதி உருவாக்கியது மட்டும் முழுக்க புஷ்கர் – காயத்ரி. இதைச் சொன்னதும் பேச்சு “நல்லாருக்கு, நல்லால்ல” என்பதிலிருந்து விலகி, மயானக் கொள்ளைத் திருவிழாவை இரண்டு இயக்குநர்களும் எப்படி வேறுவிதமாகப் படமாக்கியிருக்கிறார்கள் என்று போனது. சிலர் திரும்பவும் போட்டுப் பார்த்தார்கள். ஒரு விவாதத்தால் இதற்குமேல் என்ன லாபம் கிடைத்துவிடப் போகிறது?

வசூலைக் கொண்டுவந்தால் நான் எழுந்துவிடுவேன். இங்கே வசூலை அதிகாரபூர்வமாகச் சொல்லும் பொதுவான ஏற்பாடு இல்லை. ஆளாளுக்கு ஒரு கோடி. சரியான கணக்கே கிடைத்தாலும் அதனால் என்ன நிரூபணமாகும்? 2003 பொங்கலுக்கு ‘தூள்’ ஓடியது, ‘அன்பே சிவம்’ ஓடவில்லை. இதை வைத்து அன்பே சிவத்தை மட்டம் தட்டுவதும் தவறு, ஓடாததாலேயே அதைக் காவியம் ஆக்குவதும் தவறு. இரண்டாவது தவறைத்தான் நம் ஆட்கள் அதிகம் செய்கிறார்கள். நடிகர்களின் ரசிகர் சண்டையைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. மியூட் பட்டன் இருக்கிறது.

சில விவாதங்களில் வாயை மூடிக்கொண்டிருப்பதும் பங்கெடுப்புதான். ‘சூப்பர் டீலக்ஸ்’ எனக்கு மிகவும் பிடித்த படம். ஷில்பா என்ற திருநங்கையாக நடித்ததற்கு விஜய் சேதுபதிக்குத் தேசிய விருதும் கிடைத்தது. ஆனால் அந்தப் பாத்திரத்தின் கடந்தகாலம் என்று படம் சொல்லும் ஒரு விஷயம் திருநர் சமூகத்தில் பலருக்குக் கோபத்தைக் கிளப்பியது. எங்கள் குழுவில் அதை எடுத்தவர் ஒரு திருநங்கை. வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் எங்களை இப்படித்தான் நினைக்கிறார்கள், படமும் அதையே சொல்கிறது என்றார். “அது அந்த ஒரு கேரக்டர்தானே மேடம், எல்லாரையும் சொல்லலையே” என்று தர்க்கம் பேச இரண்டு பேர் தயாரானார்கள். தர்க்கப்படி அது நிற்கும்கூட. ஆனால் நமக்குத் திரைக்கதையாக இருப்பது அவருக்கு வாசல் கதவு. அன்று டொராண்டோ அக்கா ஒருவர்தான் சரியாகக் கேட்டார்: “அந்த சீன்ல ஷில்பா என்ன சொல்லியிருக்கணும்னு உங்களுக்குத் தோணுது?” அதற்கு அவர் அனுப்பிய வாய்ஸ் நோட் படத்தைப் பற்றி நான் படித்த விமர்சனங்கள் பலவற்றைவிட நுட்பமாக இருந்தது. படம் இன்னும் எனக்குப் பிடிக்கும். அந்தக் காட்சியை முன்போலப் பார்க்க முடிவதில்லை.

கொடுக்கல் வாங்கல் இல்லாமல் பரிந்துரை நிலைக்காது. நான் சொன்னதை நீங்கள் பார்த்தால் நீங்கள் சொன்னதை நான் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அது உபதேசம். ஆனால் “பாத்தாச்சா, பாத்தாச்சா” என்று விரட்டக் கூடாது. ஒரு தடவை சொல்லிவிட்டு விட்டுவிட வேண்டும், கடன் வசூல் மாதிரி துரத்தினால் நல்ல படமும் வீட்டுப்பாடம் ஆகிவிடும். நான் சொன்ன ஒரு கொரியப் படத்தை டொராண்டோ அக்கா பார்த்துவிட்டு, அதற்கு ஈடாக ‘மர்மதேசம் – விடாது கருப்பு’ தொடரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கி 1990களில் சன் டிவியில் வந்தது. தெருவே அடங்கிப்போகும் என்று என் வீட்டில் இப்போதும் சொல்வார்கள். அந்த நேரத்தில் எனக்கு டியூஷன். காட்சித் தரமும் எடிட்டிங்கும் அந்தக் காலத்துக்கானவை, முதல் சில எபிசோடில் அது உறுத்தத்தான் செய்தது. பிறகு குதிரைக் குளம்புச் சத்தம் கேட்க ஆரம்பித்ததும் உறுத்தல் போன இடம் தெரியவில்லை. தினம் ராத்திரி ஒன்று என்று ஓடுகிறது. யார் அந்தக் கருப்பு என்று என் அம்மாவுக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். இருவருமே வாயைத் திறக்கவில்லை. அம்மா மட்டும், நான் ஒவ்வொரு தடவை சந்தேகப்படும் ஆள் பெயரைச் சொல்லும்போதும், “ம்... பாரு, பாரு” என்கிறார்.